இரண்டு மாநிலத்து லைன்

“வெள்ளிக்கிழமை மீட்டிங்ல உங்க லைன் ஒரே ஒரு தடவை கட் ஆனாலும் சரி, அடுத்த வாரத்துல இருந்து நீங்க ஆபீசுக்கே வந்துடுங்க.”

திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் மேடம் போனில் இதைச் சொன்னபோது நான் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தேன். கை முழுக்கத் தவிடும் புண்ணாக்கும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு “சரிங்க மேடம்” என்றேன். வேறென்ன சொல்வது? போனை வைத்த பிறகுதான் வாயில் வார்த்தை வார்த்தையாக வந்தது. அத்தனையையும் தீவனத் தொட்டியைப் பார்த்துச் சொன்னேன். மாடு பின்னால் நகர்ந்து நின்று என்னையே பார்த்தது.

“ஆபீசுக்கு வந்துடுங்க” என்பது கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது. அதற்கு அர்த்தம் “நின்றுகொள்ளுங்கள்” என்பதுதான். ஆபீஸ் இருப்பது கோயம்புத்தூரில். எங்கள் வீடு பார்டரில், கேரளாப் பக்கம், வேலந்தாவளத்திலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில். பஸ்ஸைப் பிடித்து, செக்போஸ்ட்டைத் தாண்டி, டவுன் நெரிசலில் நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். காலையில் ஒரு கறவை, சாயந்தரம் ஒரு கறவை. சந்தை நாளன்று வீட்டுக்காரரும் அத்தையும் விடியும்போதே போய்விடுவார்கள், வீட்டில் நான் ஒருத்திதான். இதெல்லாம் மேடத்துக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே நானே சொல்லியிருக்கிறேன். தெரிந்துகொண்டுதான் சொல்கிறார்.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்குவதில்லை. இன்சூரன்ஸ், லோன், காஸ் சிலிண்டர் என்று ஜனங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பேசுவதெல்லாம் பதிவாகும் அல்லவா? அதில் தமிழில் பேசியதைக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் டைப் செய்து கொடுக்க வேண்டும். ஒரு வெப்சைட்டுக்குள் நுழைந்து, அங்கேயே கேட்டு, அங்கேயே டைப் செய்ய வேண்டும். நடுவில் லைன் போனால் வெளியே தள்ளிவிடும். திரும்ப நுழைந்து பார்த்தால், பாதிக்கு மேல் நான் முடித்து வைத்திருந்த பதிவு இன்னொருத்தி கைக்குப் போயிருக்கும். வயிறு எரியுமா எரியாதா?

கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமானதும் அதை விட்டேன். வீட்டுக்கு ஒறம்பரை வருகிறவர்கள் “பி.காம் படிச்சுப்போட்டு சாணி அள்றா பாரு” என்று என் காது படவே பேசுவார்கள். சாணி அள்ளுவதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் எனக்கென்று ஒரு வேலை, எனக்கென்று ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று ஒரு நேரம், இவ்வளவும் கிடைப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைப் போய் ஒரு கம்பிக்காக விட்டுக்கொடுப்பேனா? மாட்டவே மாட்டேன் என்று அந்தத் தொட்டியடியில் நின்றே முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் இன்டர்நெட் லைன் இரண்டு. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பார்டரில் குடியிருக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. எங்களிடம் எதுவும் இரண்டாகத்தான் இருக்கும். போனில் கேரளா சிம் ஒன்று, தமிழ்நாடு சிம் ஒன்று. காய்ச்சலுக்கு இந்தப் பக்கத்து டாக்டர், எலும்பு முறிந்தால் அந்தப் பக்கத்து டாக்டர். இங்கே ஹர்த்தால் என்றால் சாமான் வாங்க அங்கே போவோம், அங்கே பந்த் என்றால் இங்கே. கல்யாணப் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். ஒரு பக்கம் கை விட்டாலும் இன்னொரு பக்கம் இருக்கும் என்கிற நினைப்பு எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. “நீங்க தமிழா, மலையாளியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்கிறவர்களைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதற்காக ஒன்று சொல்ல வேண்டும்?

லைன் வந்த கதையும் அதுதான். வாசல் பக்கம் கேரளா லைன்காரர் வைத்த பெட்டி. அதிலிருந்து ஒரு நீலக் கம்பி என் அறை ஜன்னல் வழியாக நுழைந்து கம்ப்யூட்டரில் குத்தியிருக்கும். போன மழையில் அந்த லைன் அடிக்கடி படுத்துக்கொண்டது. நான் புலம்புவதைக் கேட்டுக்கேட்டுப் பொறுக்க முடியாமல், என் வீட்டுக்காரர் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கேபிள்காரரையும் பிடித்தார். தோப்பு வழியாகத் தென்னைக்குத் தென்னை கம்பி இழுத்து, சமையல்கட்டில் இன்னொரு பெட்டி வந்து உட்கார்ந்தது. அது கம்பியில்லாமல், வைஃபையில் கம்ப்யூட்டருக்கு வரும். “ஒண்ணு போனா ஒண்ணு இருக்குமில்லொ” என்றார். எனக்கும் சந்தோஷம்தான். “உனக்கென்ன சாமி, ரெண்டு கவர்மென்ட்டும் உனக்கல்லொ வேலை செய்யுது” என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா கேலி பேசினாள்.

ஆனால் நடந்தது என்ன? ஒரு லைன் இருந்தபோது எப்போதாவதுதான் போகும். இரண்டு வந்த பிறகு நினைத்த நேரமெல்லாம் கட் ஆனது. அதிலும் மலை இடுக்கு வழியாக வீசுகிற கணவாய்க் காற்று தொடங்கியதிலிருந்து சொல்லவே வேண்டாம். ஒரு பதிவை உருப்படியாக முடிக்க முடியவில்லை. மீட்டிங்கில் நான் பேச வாயைத் திறந்தால் என் முகம் அப்படியே உறைந்துபோகுமாம். மேடமே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

இதில் எல்லோருக்கும் குற்றம் சொல்லத் தோதாக ஒன்று அகப்பட்டது. என் கம்ப்யூட்டரில் ஓடுவது எல்லோரும் வைத்திருக்கிற விண்டோஸ் இல்லை, லினக்ஸ். நான் படித்தது இங்கேயே கேரளா அரசின் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் ஒன்றில். எங்கள் லேபில் இருந்ததெல்லாம் லினக்ஸ்தான். நான் விண்டோஸை முதன்முதலாகப் பார்த்ததே போட்டோ ஸ்டூடியோவில். எனக்குக் கை பழகியது எதுவோ அதைத்தானே நான் வைத்துக்கொள்வேன்? வேலைக்குச் சேர்ந்த நாளில் மேடம் “லினக்ஸா? ஓ” என்றார். அந்த “ஓ” இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் கறவை முடிந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் முதலில் மோட்டாரைப் பார்ப்போம், அப்புறம் வால்வு, அப்புறம் பைப். இதுவும் அதுபோலத்தான், கிட்டத்தில் தொடங்கித் தூரத்துக்குப் போக வேண்டும். பிங் என்று ஒரு கட்டளை இருக்கிறது. “அங்கே யாராவது இருக்கீங்களா?” என்று ஒரு சின்னக் குரல் கொடுப்பது. இருந்தால் பதில் ஒரு வரியாகத் திரையில் வரும். விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் வரி வரியாக வந்துகொண்டே இருக்கும். முதலில் வீட்டு வாசலிலிருக்கும் பெட்டியைக் கூப்பிட வேண்டும். அதன் எண் 192.168.1.1. திரையில் இன்னொரு கட்டத்தில் வெளியுலகத்து எண் ஒன்றைக் கூப்பிட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காற்று ஒரு தூக்குத் தூக்கியது. வெளியுலகத்துப் பதில் நின்றது. வெப்சைட் என்னை வெளியே தள்ளியது. சற்று நேரத்தில் பதில் தானாகத் திரும்ப வந்தது. ஆனால் வீட்டுப் பெட்டியின் பதிலோ ஓரிரு வரி தடுமாறியதோடு சரி, வந்துகொண்டே இருந்தது. அன்று மத்தியானம் வரைக்கும் இதே கூத்து. பெட்டி பதில் சொல்கிறது, வெளியே போக முடியவில்லை. அப்படியென்றால் என் கம்ப்யூட்டர் சுத்தம், என் வீடு சுத்தம், கோளாறு லைன்காரர் பக்கம். இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? போனை எடுத்தேன்.

கேரளா லைன்காரர் வந்து, கண்ணாடி இழை வழியாகப் பெட்டிக்குள் வருகிற வெளிச்சத்தை ஒரு கருவியில் அளந்து பார்த்தார். எங்கள் பக்கத்து ஆட்களைப்போல அவருக்கும் இரண்டு பாஷையும் கலந்துதான் வரும். “சேச்சி, நம்ம லைன் பக்கா ஆணு. நோக்கு, ஒரு குழப்பமும் இல்ல. பின்னே, அந்தத் தமிழ்நாட்டு லைனை எதுக்கு வெச்சிருக்கீங்க? அதுதான் பிரஸ்னம். அதை எடுத்துக் களயுங்க” என்றார். அப்புறம் திரையைப் பார்த்துவிட்டு, “லினக்ஸ் அல்லே?” என்று உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்தவரையும் கூப்பிட்டேன். சாயந்தரம் தமிழ்நாட்டு லைன்காரர் வந்தார். “ஏனுங்க்கா, நம்ம லைனு கல்லாட்ட நிக்குமுங்க. அந்தக் கேரளாக்காரன் கம்பியைப் புடுங்கி வீசுங்க, எல்லாம் சரியாப் போயிரும்” என்றார். அவரும் திரையை எட்டிப் பார்த்தார். “அட, லினக்ஸுங்களா? அப்பச் சரி.”

“என்ன சரி?” என்றேன்.

“இல்லீங்க்கா, அது அப்படித்தானுங்க இருக்கும்.”

“எப்படித்தான் இருக்கும்? இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பூராப் பேரும் இதுலதான் படிக்குது. அவங்களுக்கெல்லாம் வராத கோளாறு எனக்கு மட்டும் தேடி வருதாக்கும்?”

அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. அவரவர் கொண்டுவந்த பெட்டியை மட்டும் பார்த்தார்கள், அது நன்றாக இருந்தது, கையைக் கழுவிக்கொண்டார்கள். அடுத்தவர் பெட்டியைத் தொடக் கூடாது என்று இரண்டு பேருக்கும் ஒரு வீறாப்பு.

மறுநாள் மத்தியானச் சோற்றில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். “ஏம் புள்ள, ரெண்டுல ஒண்ணை எடுத்துப்போட்டா என்ன?”

“எதை எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க.”

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். கேரளா லைன்காரர் அவரோடு ஒன்றாகப் படித்தவர், கிணற்றில் மோட்டார் விழுந்தபோது ஓடிவந்து இறங்கியவர். தமிழ்நாட்டு லைன்காரர் எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை உள்ள வீட்டுப் பிள்ளை. இவரை எடுத்தால் தோட்டத்தில் ஒன்று என்றால் கூப்பிட ஆளில்லை, அவரை எடுத்தால் மாரியம்மன் நோம்பிக்குப் போய் முகம் கொடுக்க முடியாது. பிசைந்த சோறு ஆறியது. “சரி, ரெண்டும் இருக்கட்டும்” என்றார்.

“அப்புறம் எதுக்கு வாயைத் தொறந்தீங்க?” என்று கேட்டுவிட்டேன். அத்தைக்குச் சிரிப்பு.

அத்தைக்கு ஒரு வைத்தியம் தெரிந்திருந்தது. “கண்ணு பட்டிருக்குது. ரெண்டு கவர்மென்ட்டுன்னு பேசுனாளே அவ கண்ணுதான்” என்று உப்பும் மிளகாயும் எடுத்துவந்து, வாசல் பெட்டியையும் சமையல்கட்டுப் பெட்டியையும் மூன்று மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை, அதனால் கண்தான் என்று உறுதியாகிவிட்டது. அன்று சாயந்தரம் காற்று அடங்கியிருந்ததால் லைனும் நின்றது. “பாத்தியா கண்ணு” என்றார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

வியாழக்கிழமை காலையில் காற்று மறுபடி எழுந்தது. பெரிய பதிவு ஒன்று. ஒரு பெரியவர் காஸ் சிலிண்டர் வராததற்கு விலாவாரியாகத் திட்டுகிறார். ஒரு சொல் விடாமல் அடித்து முடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகிறேன், லைன் போய்விட்டது. வெளியே தள்ளியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆத்திரம் தாங்காமல், “போ, ஒழிஞ்சு போ” என்று அந்த நீலக் கம்பியைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினேன்.

திரையில் வாசல் பெட்டியைக் கூப்பிடும் பிங் ஓடிக்கொண்டிருந்தது. ஓரிரு வரி தடுமாறியது. அப்புறம் பதில் வந்தது. அதற்கடுத்த பதிலும் வந்தது.

கம்பி என் கையில் தொங்குகிறது. பெட்டி “இருக்கேன், இருக்கேன்” என்கிறது. ஏதாவது பேய் கீய் பிடித்துவிட்டதா என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் புரிந்தது. இருக்கிறேன் என்று சொல்வது எந்தப் பெட்டி?

வாசலுக்கு ஓடி முதல் பெட்டியைப் புரட்டினேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் 192.168.1.1. சமையல்கட்டுக்கு ஓடி இரண்டாவது பெட்டியைப் புரட்டினேன். 192.168.1.1. அத்தை பாத்திரத்தை வைத்துவிட்டு “என்னாச்சு கண்ணு?” என்கிறார். “ரெண்டுக்கும் ஒரே நெம்பருங்கத்தை, ரெண்டுக்கும் ஒரே நெம்பரு!” என்று கத்தினேன். அவருக்கு என்ன விளங்கியதோ, “அடக் கடவுளே” என்று என்னோடு சேர்ந்து அங்கலாய்த்தார்.

ஒரே வீட்டு எண்ணை இரண்டு வீடுகளுக்கு எழுதி வைத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. கம்பெனியிலிருந்து பெட்டி வரும்போதே அந்த எண்தான் இருக்கும். ஒரு வீட்டில் ஒரு பெட்டி என்றால் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு மாநிலத்திலிருந்து இரண்டு பெட்டி கொண்டுவந்து வைப்பது எங்களைப்போன்ற பார்டர்க்காரர்கள் செய்கிற வேலை. வாசல் பெட்டி நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும், வாசல் பெட்டி போயிருந்தாலும், சமையல்கட்டுப் பெட்டி அந்த எண்ணிலேயே “இருக்கேன்” என்று பதில் சொல்லியிருக்கிறது. நானும் நம்பி, லைன்காரரிடம் பாய்ந்திருக்கிறேன்.

அப்படியானால் நீலக் கம்பி ஏன் போகிறது? லினக்ஸ் தனக்குள் நடந்ததையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும். எடுத்துப் படித்தேன். கம்பி தொடர்பு போனது, வந்தது, போனது, வந்தது என்று பக்கம் பக்கமாக இருந்தது. கம்பியின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். குத்தினால் பிடித்துக்கொள்ளுமே ஒரு சின்ன நாக்கு, அது ஒடிந்து எங்கேயோ விழுந்திருந்தது. மறுபடி குத்திவிட்டு எழுந்து போய் ஜன்னல் கதவைக் கையால் ஆட்டினேன். கதவு கம்பியை இழுத்தது. போனது என்று திரையில் ஒரு வரி. விட்டேன். வந்தது என்று ஒரு வரி. மறுபடி ஆட்டினேன், மறுபடி போனது. பைத்தியக்காரிபோல ஜன்னலை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கணவாய்க் காற்று இத்தனை நாளாகச் செய்ததும் இதைத்தான்.

கம்பி ஆடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு தமிழ்நாட்டு வைஃபைக்குத் தாவியிருக்கிறது. கம்பி நேரானதும் கேரளாவுக்குத் திரும்பியிருக்கிறது. ஆபீஸ் வெப்சைட் பார்த்தது, இப்போதுதான் ஒரு வாசலில் வந்தாள், அதற்குள் இன்னொரு வாசலில் வருகிறாள், இவள் யாரோ என்னவோ என்று பிடித்து வெளியே தள்ளியது. அந்த வெப்சைட்டும் “ஏதாவது ஒண்ணு சொல்லு” என்கிற ஜாதிதான்.

அன்று மத்தியானமே வீட்டுக்காரரைக் கடைக்கு விரட்டி, நல்ல கம்பியாக ஒன்று வாங்கிவரச் செய்தேன். ஜன்னலை நம்ப வேண்டாம் என்று சுவரில் துளை போட்டு அதன் வழியாக இழுத்தோம். சமையல்கட்டுப் பெட்டிக்குள் நுழைந்து அதன் எண்ணை 192.168.2.1 என்று மாற்றினேன். வைஃபைக்குத் தானாகத் தாவக் கூடாது என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டேன். வாசல் லைன் நிஜமாகவே போனால், நான் பார்த்து, நான் சொன்னால் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டும். எப்போது எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்ய நான் இருக்கிறேன்.

லைன்காரர்கள் இரண்டு பேரையும் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பார்கள் என்று பார்த்தால், இரண்டு பேரும் ஒரே மாதிரி, “நான்தான் அப்பவே சொன்னனே, ரெண்டு எதுக்குன்னு” என்றார்கள். “ரெண்டும் இருக்கும். நீங்க சொல்றதுக்காக ஒண்ணும் எடுக்கறதா இல்லை” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காற்றென்றால் அப்படியொரு காற்று. தோப்பில் காய்ந்த மட்டைகள் திமுதிமுவென்று விழுந்துகொண்டிருந்தன. அறைக் கதவைச் சாத்தி, மாட்டைக் கூப்பிடுவதென்றாலும் கொல்லைப்புறம் போய்க் கூப்பிடும்படி அத்தையிடம் சொல்லிவிட்டு மீட்டிங்கில் நுழைந்தேன். ஓரத்தில் பிங்கை ஓடவிட்டிருந்தேன். என்னைப்போல வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். அதில் ஒருத்தி மலைமேல் வண்டன்மேட்டில் இருக்கிறவள். நேரில் பார்த்ததில்லை. அம்மாவும் அப்பாவும் ஏலத்தோட்டத்தில் வேலை, மழை வந்தால் அவள் லைன் போகும், அவளுக்கும் என்னைப்போலவே ஏச்சு விழும். இவ்வளவுதான் தெரியும்.

மீட்டிங் நீண்டது. மேடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். என் முகம் உறையவில்லை, குரல் உடையவில்லை. முடியப் போகிறது என்று மூச்சை விட்டேன்.

“கடைசியா ஒரு விஷயம்” என்றார் மேடம். “லைன் பிரச்சினை ரொம்ப வர்றதால, பார்டர்லயும் மலையிலயும் இருக்கறவங்க எல்லாரும் அடுத்த மாசத்துல இருந்து ஆபீசுக்கு வந்துதான் வேலை பார்க்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. சரியாகத்தான் விழுந்தது. அப்படியானால் திங்கட்கிழமை சொன்னதெல்லாம் என்ன? நான் கம்பி கம்பியாக அலைந்ததெல்லாம் எதற்கு? லைன் நின்றாலும் போக வேண்டும், நிற்காவிட்டாலும் போக வேண்டும். வண்டன்மேட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அவள் எந்தக் காலத்தில் வந்து சேர்வாள்?

ஆபீஸில் பேசும்போது நான் டவுன் தமிழில்தான் பேசுவேன், பழக்கம். அன்றைக்கு அது வரவில்லை, வந்தது எங்கள் வீட்டுப் பேச்சுத்தான்.

“மேடம், நான் கொஞ்சம் பேசோணுமுங்க. திங்கக்கெழமை நீங்க என்ன சொன்னீங்க? லைன் கட்டானா வான்னு சொன்னீங்க. இன்னைக்குக் கட்டாச்சுங்களா? இங்க வந்து பாருங்க, காத்துல தென்னை மட்டையெல்லாம் பறக்குது. கோளாறு எங்கிருந்துச்சுன்னு நானே கண்டுபுடிச்சு நானே சரி பண்ணிப்போட்டனுங்க. ஒண்ணு போனா மாத்திக்க இன்னொரு லைனும் வெச்சிருக்கறனுங்க. நான் ஆபீசுக்கு வரலீங்க. என்னை நிறுத்தோணும்னா தாராளமா நிறுத்துங்க. ஆனா லைனாலன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் இந்த ஊர்ல குடியிருக்கறதாலன்னு சொல்லுங்க. அதை இத்தனை பேரு முன்னால சொல்லுங்க.”

பேசி முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒருத்தரும் அசையவில்லை. ஐயோ, இந்த நேரம் பார்த்து லைன் போய்விட்டதா என்று எனக்குப் பகீரென்றது. ஓரத்தில் பிங்கைப் பார்த்தேன். ஒரு வரி தவறாமல் பதில் வந்துகொண்டிருந்தது. லைனுக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்குத்தான் பேச்சு வரவில்லை.

மேடம் தொண்டையைச் செருமினார். “சரி, சரி. உங்களைப் பொறுத்தவரைக்கும் வீட்டுல இருந்தே பாருங்க, பரவாயில்லை. மத்தவங்களைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

வண்டன்மேட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்புறம் என்னத்துக்குங்க மேடம்?” என்றேன். “மத்தவங்களைப் பத்தியும் இப்பவே பேசிக்கலாமுங்க. லைன் நல்லாத்தான் இருக்குது.”